ரெட்டைப் பூட்டு வாங்கிய இரண்டாவது வண்டி

நான் எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டுப் போடுகிறவன். டாக்டர் எலும்பைச் சேர்த்து வைப்பார். அது அசையாமல் இருக்கும்படி சுற்றிக் கட்டுவது என் வேலை. என் மேஜைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இரண்டு சக்கரத்தில் போனவர்கள். அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "திடீர்னு குறுக்க வந்துட்டாங்க." திடீரென்று வராமல், முன்கூட்டி ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டா வருவார்கள்?

அதனால்தான், இரண்டாவது வண்டியாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதாக அத்தான் சொன்னபோது எனக்கு அந்த மேஜைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வீட்டில் அவருக்கு 'ரெட்டைப் பூட்டு' என்று பெயர். கதவைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போவார், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். அக்கா இந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் எங்கேயும் கிளம்புவாள். அப்படிப்பட்ட ஆள் அகலக்கால் வைப்பார் என்று யார் நினைத்தது?

அவரிடம் ஏற்கெனவே ஒரு ஸ்கூட்டர் உண்டு. கியர் கிடையாது. கால் வைக்கும் தட்டில் கருவிப் பெட்டி, அதன் இரண்டு பக்கமும் இரண்டு பாதங்கள். இந்தக் கோலத்தில் இருபது வருடமாக ஊர் முழுக்க லிஃப்ட் லிஃப்டாகப் போய்வந்தார். எங்காவது ஒரு லிஃப்ட் பாதியில் நின்றால், காவலாளி உடனே யாரையாவது திட்ட ஆரம்பிப்பான். குழந்தைகள் பட்டனை அழுத்தி விளையாடினார்கள், அளவுக்கு மேல் ஆட்கள் ஏறிவிட்டார்கள் என்று. அத்தானுக்கு அது பிடிக்காது. "ஆளைத் திட்டாத. மெஷினைத் திற. கோளாறு அங்கதான் இருக்கும்" என்பார். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதுதான் பிற்பாடு வினையாகப் போனது.

"எனக்கு எதுக்கு மச்சான் ரெண்டாவது வண்டின்னு நீ கேக்கலாம்" என்றார் ஒருநாள், நான் கேட்காமலேயே. "பாதி ஆயுசு இருட்டுக்குள்ள மேலயும் கீழயும் போய்வந்தாச்சு. அலுத்துடுச்சு. எனக்கு நேரா போகணும்."

ரொம்பப் பெரியதும் இல்லாமல் ரொம்பச் சின்னதும் இல்லாமல் ஒரு க்ரூஸர், பழையதாக இருந்தாலும் போதும் என்றார். தாழ்ந்த இருக்கை, முன்னால் நீட்டிக்கொள்ளும் கால்கள், வயிற்றுக்கு எதிரே துளி மாதிரி ஒரு டேங்க். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவாராம்.

அக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சீருடை தைக்கும் கடையிலிருந்து வந்து, விரலில் ஒட்டியிருந்த நூலைக்கூட எடுக்காமல், "வாங்குங்க. நான் ஒண்ணும் சொல்லல. போன மாதிரியே முழுசா வீட்டுக்கு வரணும். எனக்கு அது மட்டும்தான்" என்றாள்.

வண்டி பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். விற்கிறவர் வீடு ஒரு வரிசையின் கடைசியில் இருந்தது. கதவைத் திறந்த அம்மாவுக்கு அத்தான் வயதுதான் இருக்கும். எங்களை உட்காரச் சொல்லவில்லை, நேராகப் பக்கத்துக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். உள்ளே தூசு படிந்த ஒரு ஸ்கூட்டர் நின்றது, அத்தானுடையது மாதிரியே. அதன் பக்கத்தில் பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடி ஏதோ ஒன்று நின்றது. அந்த அம்மா தலைமாட்டில் பிடித்து விரிப்பை மெதுவாக இழுத்தார். நான் வேலை பார்க்கிற இடத்தில் துணியை அப்படி இழுப்பது ஒரே காரணத்துக்காகத்தான்.

கறுப்பு வண்டி. முகவிளக்கு மட்டும் புத்தம் புதிது. மற்றபடி ஒரு கீறல் கிடையாது. அத்தானின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், இனி நாம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது.

"என் வீட்டுக்காரர் வண்டி" என்றார் அந்த அம்மா. "இதுலதான் போனாரு. மறைச்சு விக்க எனக்கு இஷ்டமில்ல. அதான் மொதல்லயே சொல்லிடறேன்."

நான் அத்தானின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எப்படிம்மா ஆச்சு?"

"லாரி ஒண்ணு திடீர்னு திரும்புச்சு. பின்னாடி கார்ல வந்தவரு பாத்திருக்காரு. இவரு பிரேக்கை அப்படி இறுக்கிப் புடிச்சாராம். வண்டி கத்துச்சே தவிர நிக்கலையாம். கீழ கிடக்கும்போதும் கை அந்தப் பிடியை விடல. விரலை ஒண்ணொண்ணா பிரிச்சுத்தான் எடுத்தாங்களாம்."

சொல்லிக்கொண்டே இடது கையை இறுக்கி மூடி, சாவி இருந்த வலது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். வலது கையில் சாவி இருப்பதால் இடது கையில் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். முன் பிரேக்கை அழுத்தினார், பின் பிரேக்கை மிதித்தார், சக்கரத்தைச் சுழற்றிவிட்டு பிரேக் தட்டின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். லிஃப்டுக்கு எப்படிச் செய்வாரோ அப்படி. எழுந்தபோது முகம் குழம்பியிருந்தது.

"பிரேக் கல்லு மாதிரி நிக்குதேம்மா."

"பாத்தவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. வண்டியில ஒரு குறையும் இல்லையாம்."

விலை பேசுவதற்கு முன்பே சாவியை அத்தானின் உள்ளங்கையில் வைத்துவிட்டார் அந்த அம்மா. திரும்பி வரும்போது நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். சாவு விழுந்த வண்டி என்றேன், வேறு வண்டியே உலகத்தில் இல்லையா என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாவு விழுந்த லிஃப்டையெல்லாம் நான் சரி பண்ணியிருக்கேன் மச்சான். கோளாறு எங்கயோ ஒளிஞ்சிருக்கு. தொறந்தா தெரியும்" என்றார்.

திறந்தார். வாசலில் பழைய சாக்கை விரித்து, பிரேக்கை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். கட்டைகள் புதிது, எண்ணெய் புதிது, எண்ணெய் போகும் குழாய் புதிது. எதுவும் பழுதாக இல்லை, ஆனாலும் மாற்றினார். கடைசியாக எல்லாவற்றையும் பூட்டி, இழுத்துப் பார்த்து, உள்ளே போய்க் கையைக் கழுவி, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தார். அக்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வண்டியை அவள் ஒரு தடவைகூடத் தொடவில்லை. துணி காயப்போடப் போனால்கூட சுற்றிக்கொண்டுதான் போவாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. காலையில் போவார், வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவார். முகம் தெளிந்திருக்கும். நேரான சாலையில் காற்று எப்படி நெஞ்சில் மோதுகிறது என்று சின்னப்பிள்ளை மாதிரி சொல்வார். அக்கா கேட்டுக்கொண்டே அவருடைய கை கால்களை ஒரு நோட்டம் விடுவாள். நான் வேலையில் இருப்பேன். ஸ்ட்ரெச்சர் சக்கரம் வராந்தாவில் உருளும் சத்தம் கேட்டால், எட்டி முகத்தைப் பார்த்த பிறகுதான் கையிலிருக்கும் கட்டைச் சுற்றுவேன். அவர் முழுசாகத் திரும்பிய ஒவ்வொரு ஞாயிறும் என் பயத்தைக் குறைத்திருக்க வேண்டும். கூட்டத்தான் செய்தது.

ஒரு வேலை நாளில் அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கருவிப் பெட்டி அதன் இடத்தில், அவர் பாதங்கள் அவற்றின் இடத்தில். ஓரமாக நின்றிருந்த ஒரு காரின் கதவு சட்டென்று திறந்தது. நான் கத்துவதற்குள் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. கதவுக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் இருந்தது.

"பாத்தியா? நான் ஒண்ணும் யோசிக்கல. கை தானா போகுது" என்று பெருமையாகச் சொன்னார்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது இடது கை.

அந்தக் கொட்டகையில் நின்ற தூசு படிந்த ஸ்கூட்டர், அந்த அம்மா மூடிக் காட்டிய இடது கை, கத்தியதே தவிர நிற்காத வண்டி, எல்லாம் சேர்ந்து நினைவுக்கு வந்தன. ஸ்கூட்டரில் இடது பிடி பிரேக். க்ரூஸரில் இடது பிடி கிளட்ச். அதை இறுக்கினால் வண்டி நிற்காது. என்ஜின் சக்கரத்தை விட்டுவிட்டுத் தனியாக அலறும், வண்டி தன்பாட்டுக்கு ஓடும். அந்த மனுஷன் இல்லாத பிரேக்கைப் பிடித்துக்கொண்டே செத்திருக்கிறார்.

நடுத்தெருவிலேயே சொன்னேன். அத்தான் சிரித்தார்.

"இடது கை கிளட்ச்னு எனக்குத் தெரியாதா?"

"அவருக்கும் தெரியும் அத்தான்."

சிரிப்பு நின்றது. தன் இடது கையை, வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு அவருக்குள் இருந்த லிஃப்ட் மெக்கானிக் திரும்பி வந்துவிட்டார். "சரி. சும்மா பேசிட்டு இருக்க வேணாம். சோதனை போட்டுப் பாத்துடுவோம்."

அன்று சாயங்காலம், கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் சோதனை. போகும் முன் அக்காவுக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். எந்த இடம் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நான் ஒரு தகர டிரம்முக்குப் பின்னால் நிற்பேன், அவர் ஓட்டிக்கொண்டு வருவார், நினைத்தபோது நான் கத்திக்கொண்டு கையை நீட்டுவேன். அதுதான் ஏற்பாடு. கத்தினேன். பிரேக் பிடிக்க வேண்டிய வலது கையும் வலது காலும் ஒழுங்காக வேலை செய்தன, வண்டி கல் மாதிரி நின்றது. மறுபடி கத்தினேன். மறுபடி நின்றது. எத்தனையோ முறை.

"போதுமா? எங்க இருக்கு உன் கோளாறு?"

"நீங்க எதிர்பாத்துட்டே வர்றீங்க அத்தான். இது சோதனையே இல்ல. வண்டியை இங்கயே விட்டுட்டு நடந்து போயிடலாம்."

"கடைசியா ஒரு தடவை" என்றார். பூட்டைத் திரும்ப இழுத்துப் பார்க்கிற குணம்தானே.

அவர் மைதானத்தின் கோடிக்குப் போய்த் திரும்பி, கிடங்குச் சுவரை ஒட்டி வந்தார். அவருடைய கண் என் மேலேயே இருந்தது, நான் எப்போது கையை நீட்டுவேன் என்று. அந்தச் சுவரின் மூலையிலிருந்து அக்கா ஓடிவந்தாள். தையல் கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், அளவு நாடா கழுத்தில் தொங்கியது. இரண்டு கைகளையும் விரித்து, "வேணாங்க! நிறுத்துங்க!" என்று அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

என்ஜின் அலறியது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை, ஆனால் என்னவென்று தெரிந்துவிட்டது. வண்டி கொஞ்சமும் தயங்காமல் வந்து அவளைத் தூக்கிப் போட்டது.

ஓடினேன். அக்கா மண்ணில் கிடந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே கால் போகக்கூடாத திசையில் போயிருந்தது. "அவரைப் பாரு, மொதல்ல அவரைப் பாரு" என்று என்னையே திட்டினாள். உயிர் இருக்கிறது, பேச்சு இருக்கிறது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தான் சரிந்த வண்டியின் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தார். ஒரு சிராய்ப்புகூட இல்லை. "பிரேக் புடிக்கல மச்சான். புடிச்சேன், புடிக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்ஜின் அணைந்துவிட்டது. இடது கை கிளட்ச் பிடியை இறுக்கியபடியே இருந்தது. விடச் சொன்னேன். விட்டுவிட்டேன் என்றார். கடைசியில் நான்தான் உட்கார்ந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

டாக்டர் எலும்பைச் சேர்த்த பிறகு, அக்காவுக்குக் கட்டுப் போட்டது நான்தான். வேறு யாரையும் தொட விடவில்லை. அத்தான் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையைத் தொடைக்கு அடியில் திணித்து, அதன் மேல் கனத்தைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஈரக்கட்டு இறுக ஆரம்பித்ததும் அக்காவுக்கு வலி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பக்கம் இருந்த தன் கையை நீட்டினாள்.

"கையைக் குடுங்க" என்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய இடது கை. அதை அவர் எடுக்கவில்லை. உடம்பை முறுக்கி, மேஜையின் குறுக்கே சாய்ந்து, எட்டாத வலது கையை எட்டிக் கொடுத்தார்.