பன்னிரண்டாவது வீட்டை அளந்தவர்

அந்தத் தையல்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலோடு சரி. தெருவுக்கு அவர் ‘கச்சிதம்’. தைத்த சட்டையைப் போட்டுப் பார்ப்பவர் வாயைத் திறப்பதற்குள், "கச்சிதம்!" என்று தானே தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அக்குள் பிடிக்கிறது என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களில் ஏழு வாடகை வீடுகள். அவருடைய கடையில் காஜா எடுத்தும் பொத்தான் தைத்தும் பாதிக் கண்பார்வையைத் தொலைத்திருந்தாள் மனைவி. அவள் மாளிகையா கேட்டாள்? சொந்தமாக நாலு சுவர், ஜன்னல் வைத்த ஒரு சமையலறை, அவ்வளவுதான். ஆனால் ஆறு வருடங்களாகத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பதினொரு வீடுகளையும் அவர் ஒரே வார்த்தையில் தள்ளியிருந்தார்: "சுருக்கிட்டானுங்க." பதினொரு முறையும் அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டாள். அந்த நூல்களெல்லாம் அவள் கண்ணீரில் நனைந்தவை என்பது சட்டை போட்டவர்களுக்குத் தெரியாது.

பன்னிரண்டாவது வீட்டைக் கண்டுபிடித்தவள் அவளே. கடைக்கு வாடிக்கையாக வரும் ஓய்வுபெற்ற நர்ஸம்மாவின் வீடு அது. மகளோடு போய் இருக்கப்போவதால் விற்கிறார். மறுநாள் காலை பத்து மணிக்குப் பத்திரப்பதிவு. இன்று வீட்டைக் கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்து, ‘சொன்னபடியே இருக்கிறது’ என்று தரகர் நீட்டும் தாளில் கச்சிதம் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால், நாலு மணிக்கு வரப்போகும் மருந்துக்கடைக்காரருக்கு வீடு போய்விடும்.

மூன்று மணிக்கு வந்த கச்சிதம் எல்லாக் குழாய்களையும் திறந்து மூடினார். சுவிட்சுகளைத் தட்டினார். குளியலறைத் தரையைக் கைவிரல் முட்டியால் கொட்டிக் காதை வைத்துக் கேட்டார். கழிவுநீர்க் குழாயை முகர்ந்து பார்த்தபோது நர்ஸம்மாவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். குறை எதுவும் அகப்படவில்லை. கடைசியில், தூக்கத்திலும் கழுத்தை விட்டு இறங்காத தன் துணி டேப்பை உருவினார். வாளை உருவிய தளபதிகூட அப்படி ஒரு பார்வை பார்த்திருக்க மாட்டான்.

"கூடம் பதினாறு அடின்னீங்க. பதினஞ்சு அடி ஏழு அங்குலம்தான் இருக்கு!"

"அண்ணே, துவைச்சா சுருங்குறதுக்கு சுவரென்ன பருத்தித் துணியா?" என்றார் தரகர்.

கச்சிதம் சமையலறைக்குள் பாய்ந்தார். "இங்க பத்தடி. அதுல மூணு அங்குலத்தைக் காணோம்!"

"தம்பி, நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன்," என்றார் நர்ஸம்மா. "மூணு அங்குலத்தைப் பெட்டியில மடிச்சு வச்சா எடுத்துட்டுப் போகப்போறேன்?"

தரகர் தன் இரும்பு டேப்பை இழுத்துப் பிடித்தார். பத்தடி, இம்மி பிசகவில்லை.

"இரும்புக்கு என்னய்யா தெரியும்? முப்பது வருஷமா இந்தத் தெருவே என் டேப்புலதான் உடுத்திட்டு நடக்குது. ஒருத்தனுக்காவது தொளதொளன்னு இருந்திருக்கா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மணி நாலுக்கு இருபது நிமிடம். அதுவரை சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள் மனைவி. பிள்ளையைப் பறிகொடுக்கப்போகிற தாயின் பிடி அது. மெல்லத் திரும்பி, கணவரின் கையிலிருந்த டேப்பை வாங்கி, சமையல் மேடையில் இரும்பு டேப்புக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தாள்.

துணி டேப்பில் அறுபது அங்குலம் முடிந்த இடத்தில், இரும்பு அறுபத்தொன்றரை காட்டியது.

"இது இழுத்துப் போய்ப் பத்து வருஷமாச்சு," என்றாள்.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? ஆளை அளக்குறதும் இதுல. துணியை வெட்டுறதும் இதுல. சரியாத்தானே வந்துட்டிருந்துச்சு." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஏங்க... அந்தப் பதினொரு வீடு?"

கச்சிதம் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்தார். வெளியே ஒன்றுமில்லை.

"அதையும் இதுலதான் அளந்தீங்களா?"

பதினொரு சமையலறைகள்! பதினொரு ஜன்னல்கள்! ஒன்றரை அங்குலத் துணி முழுங்கிய ஆறு வருடங்கள்! எத்தனையோ மரணப் படுக்கைகளைக் கலங்காமல் பார்த்த நர்ஸம்மா, அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மருந்துக்கடைக்காரர் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"இரும்பும் குளிர்ல சுருங்கும்னு எங்கயோ படிச்சேன்..." என்று தொடங்கினார் கச்சிதம்.

"கையெழுத்துப் போடுங்க."

இருபத்தாறு வருடத்தில் அவள் இவ்வளவு சின்னக் குரலில் பேசியதில்லை. அவர் இவ்வளவு சீக்கிரம் கீழ்ப்படிந்ததும் இல்லை. "என்னண்ணே, கச்சிதமா?" என்று தாளை வாங்கிக்கொண்டார் தரகர்.

குடிவந்த வாரமே கச்சிதம் ரோஷத்தோடு புது டேப்பு ஒன்று வாங்கினார். நோட்டில் இருந்த பழைய அளவுகளை வைத்துப் புது டேப்பில் வெட்டி, முதல் வேலையாகத் தரகருக்கு ஒரு பேன்ட் தைத்தார். அது தொடை வரை சுமுகமாக ஏறியது. அதற்கு மேல் தரகர் மூச்சை அடக்கியும் நகரவில்லை.

மாலையில் தலைகுனிந்து வீட்டுக்கு வந்தவரிடம், மனைவி சமையலறை இழுப்பறையிலிருந்து பழைய டேப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"கடைக்கு இதுதான் சரி, வச்சுக்குங்க. ஆனா ஒண்ணு. இது கடையோட நிக்கணும். ஒரு நாள் இந்த வாசலைத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, வெளிய போறது டேப்பு மட்டுமா இருக்காது."