உடைந்த ஷாஃப்ட் இறக்குமதி, புது ஷாஃப்ட் ஏற்றுமதி

அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேரில் ஜெட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருந்தது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி வந்து, படகு என்ஜின்களைப் பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். மே மாதம், மழை எந்த நேரமும் இறங்கலாம் என்கிற நாட்கள்.

அப்போதுதான் வண்டூர் பக்கம் ஒரு பர்மா மீன்பிடிப் படகு ஒதுங்கியது. அதில் நாலு பேர். என்ஜினிலிருந்து விசிறிக்குப் போகும் ஷாஃப்ட் இரண்டாக ஒடிந்து, காற்று தள்ளிய பக்கமெல்லாம் மிதந்து வந்திருக்கிறார்கள். போலீஸ் அவர்களைப் போர்ட் பிளேருக்கு இழுத்து வந்து, சைகையும் சாடையுமாக விசாரித்தது. தப்பு ஒன்றும் இல்லை, படகைச் சரிசெய்துகொண்டு ஊர் போகலாம் என்று உத்தரவும் ஆனது. ரிப்பேர் வேலை என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் செய்தேன். நல்ல இரும்புக் கம்பியாகப் பார்த்துக் கடைந்து, புது ஷாஃப்டை மாட்டியும் விட்டேன். மழை இறங்குவதற்குள் அவர்கள் கிளம்பியாக வேண்டும். இல்லையென்றால் கடல் அடங்கும்வரை, அதாவது வருஷக் கடைசிவரை, போலீஸ் கொட்டகைதான் கதி.

அன்று சாயங்காலமே சுங்க அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. புது ஷாஃப்ட் இந்திய இரும்பு. அது வெளிநாட்டுக்குப் போனால் ஏற்றுமதி. லைசென்ஸ் எங்கே? நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் பட்டறை மூலையில் கிடந்த ஒடிந்த துண்டுகளைக் காட்டினார். அது வெளிநாட்டுச் சாமான், இந்திய மண்ணில் இறங்கியிருக்கிறது, ஆகவே இறக்குமதி. அதற்கும் லைசென்ஸ் எங்கே?

மறுநாள் காலையிலேயே மேட்டின்மேல் இருந்த சுங்க அலுவலகத்தில் போய் நின்றேன். லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸ் மெயின்லேண்டில் இருக்கிறது. இங்கிருந்து கடுதாசி கப்பலில் போய், பதில் கப்பலில் வரவேண்டும். கப்பல் எப்போது வரும் என்று கப்பல் கம்பெனிக்கே தெரியாது. துறைமுக ஆபீசில் கேட்டால் போலீசைக் கேள் என்றார்கள். போலீஸ், சுங்கத்தைக் கேள் என்றது. சுங்கத்தில் "கல் ஆனா", நாளைக்கு வா என்றார்கள். நாளைக்குப் போனால் அன்றைக்கும் "கல் ஆனா" தான். பட்டறையில் வேலை கிடக்க, நான் மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். தெற்கே வானம் கறுத்துக்கொண்டே வந்தது. ஜெட்டிப் பக்கம் போனால் அந்த நாலு பேரும் என் முகத்தையே பார்ப்பார்கள். என்ன சொல்ல, எந்த பாஷையில் சொல்ல?

ஒருநாள் பொறுக்க முடியாமல் சுங்க அதிகாரியின் மேசைக்கு முன்னால் கத்தியே விட்டேன். அவர் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர், வயசு குறைவு. கோபப்படவில்லை. சட்டப் புத்தகத்தைத் தட்டிக் காட்டி, கப்பலின் சொந்தத் தேவைக்கு ஏற்றும் சாமான் என்றால் வேறு வழி உண்டு, ஆனால் படகுக்காரன் தன் வாயால் சொல்ல அதைத் தான் எழுதிக்கொள்ள வேண்டும், பர்மிய பாஷை தெரிந்த ஆளைக் கூட்டி வா என்றார்.

பஜாரில் இடியாப்பம் விற்கும் ஓர் அக்கா இருந்தார். பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு அகதியாக வந்த குடும்பம். ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தட்டுகளைக் கழுவுவதை நிறுத்தவே இல்லை.

"ரங்கூன்ல கப்பலேறுறப்ப பொன்னு வெளிய போகக் கூடாதுன்னு என் தாலியக் கழட்டி வாங்கிட்டு, வெறும் மஞ்சக் கயித்தோட அனுப்புனாங்க தம்பி. அந்த ஊர்க்காரனுக்கு நான் வந்து பேசணுமாக்கும்?"

திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, பட்டறை திறக்கும்போது அவர் வாசலில் நின்றார். "அவங்க மீன் பிடிக்கிறவங்கதானே, தாலி பிடுங்குனவங்க இல்லையே. வா, போவோம்" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

அலுவலகத்தில் அவர் பர்மிய மொழியில் வாயைத் திறந்ததும், நாலு பேரில் மூத்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். வேற்றாள் வாயில் தன் பாஷையைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்றோ! அதிகாரி கேட்கக் கேட்க அக்கா சொல்லி, எல்லாம் எழுதி முடித்தார்கள். கடைசியில், ஒடிந்த பழைய ஷாஃப்டை முழுசாகப் படகிலேயே திருப்பி ஏற்ற வேண்டும் என்றார் அதிகாரி. அதில் ஒரு துண்டை அறுத்துத்தான் புது ஷாஃப்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம், அதாவது காலர், போட்டிருந்தேன்.

சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். இறக்குமதியை அறுத்து ஏற்றுமதியில் மாட்டியிருக்கிறாயே, இதை நான் எப்படி எழுதுவது என்று இந்தியில் புலம்பினார். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

அக்காதான் பேசினார். தன் உடைந்த இந்தியில், சத்தம் போடாமல். "சாப், எங்கிட்ட தாலிய வாங்குனவனும் சட்டம்னுதான் சொன்னான். அவன் சொன்னது பொய்யும் இல்ல."

அதிகாரி அவர் கழுத்தைப் பார்த்தார். அக்காவின் வீட்டுக்காரர் இங்கே உயிரோடு, கூலி வேலை செய்துகொண்டிருந்தார். ஆனால் அன்றைக்கும் கழுத்தில் மஞ்சள் கயிறுதான் இருந்தது. பிறகு அதிகாரி புத்தகத்தைத் திறந்து திரும்பவும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் வெளியே வந்தபோது, படகோடு வந்த இரும்பு எல்லாம், அறுத்தது அறுக்காதது எதுவானாலும், படகோடே போகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். புது ஷாஃப்ட் கப்பலின் தேவைக்கான சாமானாக ஆகியிருந்தது.

கிளம்புகிற அன்றும் விடவில்லை மனுஷன். தானே ஜெட்டிக்கு வந்து, படகில் குனிந்து, ஒவ்வொரு துண்டையும் தொட்டுப் பார்த்தார். அந்த நேரத்தில் அக்கா ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்தார். கட்டுச்சோறும் கருவாடும். நேரே அதிகாரி முன்னால் நீட்டி, "இதையும் எழுதிக்குங்க சாப்" என்றார். அதிகாரி கடல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மைனே குச் நஹீ தேகா" என்றார். ஒன்றையும் பார்க்கவில்லையாம்!

படகு போன இரண்டாம் நாள் மழை இறங்கியது. ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று எனக்குத் தெரிய வழியே இல்லாமல் போயிற்று.

அதன் பிறகு எத்தனையோ கவுன்டர்களின் முன்னால் நின்றுவிட்டேன், இன்றும் எனக்குச் சட்டென்று கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் கோபப்பட என்னைவிட ஆயிரம் மடங்கு காரணம் இருந்த ஒரு பெண், அதைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு எனக்கு முன்னால் அந்த மேட்டில் ஏறிப் போனது நினைவுக்கு வரும்போது, என் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.