பனிமலைக்குப் பன்னிரண்டு மணி நேரம்

எண்ணூர் சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்குக் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அந்த டிரைவர் அண்ணனை அங்கேதான் பார்த்தேன். நரைத்த மீசை, காதில் செருகிய பென்சில். முந்தின நாளிலிருந்து அவர் லாரி வரிசையில் நின்றது. ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகளிடம் மனைவியோடு ஐந்து நாள் போகிறாராம். ரயிலில் ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பழைய கேட் பாஸின் பின்பக்கம் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார்.

“பனிமலைக்கு ரெண்டு மணி நேரந்தானேண்ணே? ஏன் அடிச்சிட்டீங்க?”

“போவ ரெண்டு, வர ரெண்டு. ரெண்டு வாட்டியும் வரிசைல நிக்க நாலு நாலு. பன்னெண்டு மணி பூட்ச்சி. மலைய எப்போ பாக்கறது? வூட்டுக்காரி ஆசப்பட்ட எடம் அது ஒண்ணுதான்.”

“அங்க ரயிலுக்கு வரிசையே கெடையாதுண்ணே. வந்ததும் ஏறிக்கலாம்.”

“நிக்க வெக்காம உள்ள வுடுவானா? இன்னா நைனா, கலாய்க்கிறியா?”

சத்தியம் செய்தேன். யோசித்துவிட்டு மலையைத் திரும்ப எழுதினார். காத்திருப்பு எதையும் சேர்க்கவில்லை. அதற்குள் வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தது. ஏறி லாரியை நகர்த்தி நிறுத்தியவர், ஜன்னல் வழியாகச் சீட்டைக் காட்டினார். மலைக்குப் பக்கத்தில், வரிசைக்கு என்று ஒரு மணி நேரம் எழுதியிருந்தார்.

“சும்மா இருக்கட்டும்பா.”

அதையும் அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.