தடுப்புக்கு இந்தப் பக்கம்

மலையடிவார ஊரான ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் வரிசையில் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் மேல்மாடி உண்டு. பக்கத்து வீட்டு அக்கா வாடகைக்கு இருந்தார். பக்கவாதத்தில் விழுந்த கணவரை அவர் ஒருவராகவே பார்த்துக்கொண்டார்.

இரண்டு முறை வெள்ளத்தில் சோபாவையும் ஐஸ்பெட்டியையும் தூக்கி எறிந்த பிறகு, என் கணவர் வாசலில் பொருத்துவதற்கு ஒரு அலுமினியப் பலகை செய்து வாங்கினார். ஓரங்களில் ரப்பர் வைத்தது. அக்காவும் வந்து தொட்டுப் பார்த்தார். தனக்கும் ஒன்று செய்து தரும்படி வீட்டு உரிமையாளரிடம் கேட்டதாகவும் அவர் காதிலேயே வாங்கவில்லை என்றும் சொன்னார்.

அடுத்த வெள்ளம் ஒரு ஞாயிறு மதியம் வந்தது. மலையில் பெய்த மழை மொத்தமும் கால்வாய்க்கு இறங்கி, அது நிரம்பி, சாலைக்கு ஏறியது. கணவர் பாயான் லெப்பாஸில் வேலையில் இருந்தார். நானே பலகையைப் பொருத்தினேன். வெளியே தண்ணீர், உள்ளே காய்ந்த தரை. அதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். இன்றும் அந்தப் படம் கைப்பேசியில் இருக்கிறது. அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

அக்கா முழங்கால் தண்ணீரில் தூணைப் பிடித்தபடி வந்தார்.

"தங்கச்சி, இந்தப் பலகைய எடுத்து விடுறியா? இவர உங்க மேல்மாடில உக்கார வச்சிடுறேன். எதிர்வீட்டு அண்ணே தூக்கிக் குடுக்கிறேன்னு சொல்றாரு."

"எடுத்தா தண்ணி மொத்தமும் உள்ள வந்துரும்க்கா. கொஞ்ச நேரம் பாருங்க, வடிஞ்சிரும்."

அவர் என்னைப் பார்த்தார். "சரி லா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அந்தப் பலகை என் இடுப்புக்குக்கூட வராது. இரண்டு பேர் பிடித்திருந்தால், அதை எடுக்காமலே அவரை இந்தப் பக்கம் தூக்கியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டேன். தோன்றாதபடி நான்தான் பார்த்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் குளியலறைத் தரையில் இருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கொப்பளித்து மேலே வந்தது. வெளிக்கால்வாய் நிறைந்துவிட்டால் அதில் போய்ச் சேரும் குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியாது. வாசலைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கணுக்கால் பின்னாலிருந்து நனைந்தது.

தண்ணீர் இறங்கியதும் பக்கத்து வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டு அண்ணனும் அக்காவும் அவரைச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றிச் சுவரோடு சாய்த்திருந்தார்கள். அவர் சரிந்துவிடாமல் தோளைப் பிடித்தபடி இரண்டு மணி நேரமாக அக்கா தண்ணீரிலேயே நின்றிருந்தார். மேசைமேல் இருந்தவருடைய சாரோங் நனைந்திருந்தது. அது வெள்ளத் தண்ணீர் இல்லை. அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. நான் துடைப்பத்தை எடுத்துச் சேற்றைத் தள்ளினேன்.

சில நாள் கழித்து மன்னிப்புக் கேட்டேன்.

"நீ எடுத்திருக்கலாம்," என்றார். "ஒன் எடத்துல நான் இருந்தா என்ன செஞ்சிருப்பேனோ, தெரியல. ஆனா எனக்கு மனசு ஆறல, தங்கச்சி."

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குழாயில் தண்ணீர் திரும்பி வராதபடி அடைப்பு வைத்தோம். மலையில் மழை பிடித்ததும், தண்ணீர் ஏறும் முன்பே, முடியாதவர்கள் எங்கள் மேல்மாடிக்கு வந்துவிடலாம் என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அடுத்த முறை மலைமேல் இருட்டியபோது முதலில் அக்கா வீட்டுக்குத்தான் ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. காலையிலேயே அக்கா கணவரைத் தன் தங்கை இருக்கும் அடுக்குமாடிக்குக் கொண்டுபோய்விட்டதாக எதிர்வீட்டு அண்ணன் சொன்னார்.

அன்று வரிசைக் கடைசி வீட்டுச் சீனத் தம்பதி மட்டும் வந்தார்கள். வயதானவர்கள். தேநீர் கொடுத்தேன். எவ்வளவு நல்ல மனசு என்று அந்த அம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்டுக்கொண்டு உட்கார முடியாமல், கோப்பையைக் கழுவப் போவதாகச் சொல்லிக் கீழே இறங்கினேன்.