படிவத்தில் நான் விட்ட வெற்றிடம்

அன்று அனுமதிக்கான நேர்முகத் தேர்வு நடந்த அறையில் மூன்று பேர்: விரிவுரையாளர், எழுதுவினைஞராக இருந்த ஒரு பெண், நாற்பத்தெட்டு வயதில் வணிக முகாமைத்துவம் படிக்க உரும்பிராயிலிருந்து வந்த நான். எட்டாம் வகுப்போடு நின்றவன். அப்படிப்பட்டவர்களை வேலை அனுபவத்தை வைத்துத்தான் எடுப்பார்கள். ஆனாலும் போராளியாக இயக்கத்தில் இருந்த பத்து வருடங்களை எழுதப் பயந்து, படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன்.

“உந்தப் பத்து வருசமும் நித்திரையே கொண்டனீங்கள்?” என்று விரிவுரையாளர் சிரித்தார்.



“என்ரை தம்பியும் இயக்கத்துக்குப் போனவன், சேர்,” என்றார் அந்தப் பெண். “உயிரோடை இருந்திருந்தால் அவனும் உந்த இடத்தை வெறுமையாத்தான் விட்டிருப்பான்.” பிறகு என்னிடம், “என்ன பொறுப்பிலை இருந்தனீங்கள், அண்ணை?”

“உணவுக் களஞ்சியம். நானூறு பேருக்கு.”

“அதை எழுதுங்கோ.”

எழுதினேன். இடம் கிடைத்தது. தினமும் அந்தப் பெண்ணின் மேசையைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறேன். தம்பியின் பெயரை இன்னும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த பெயராக இருந்துவிடுமோ என்று பயம்.