இரண்டு பல் சார்பாக ஓர் அண்டா

பொன்னமராவதிப் பக்கம் எந்த ஊரில் ஜல்லிக்கட்டு என்றாலும் மைக் சோலையப்பன் கையில்தான். மற்ற நாளில் அவர் உரக்கடைக்காரர். வாடிவாசல் மேடையில் ஏறிவிட்டால் ஆளே வேறு. மாட்டுக்காரர் பேர், ஊர், மாட்டின் பழைய பிரதாபம் எல்லாம் மூச்சு விடாமல் கொட்டுவார். கேட்ட மாட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்து, உடனே ஒரு கலர் சோடா மேடைக்கு வந்துவிடும். வேண்டாமென்றால் கொடுத்தவர் முகம் சுண்டிப்போகும். அதனால் மனுஷன் ஒன்று விடாமல் குடித்துத் தொலைத்தார்.

அப்படிப்பட்டவருக்குக் கீழ்வரிசை முன்பல் இரண்டும் ஆட ஆரம்பித்தன. பல் துலக்கினால் ரத்தம். பல் போனால் பேச்சில் காற்றடிக்கும். மாசி ஜல்லிக்கட்டில் மைக் பக்கத்து ஊர் வெற்றிசெல்வன் வாத்தியாரிடம் போய்விடும். அவர் ஏற்கெனவே மேடையோரம் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கிறவர். அதை நினைத்தாலே சோலையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஐப்பசியில் பள்ளிக்கூடத்தில் பல் முகாம் போட்டபோது, மனைவி செவந்திதான் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் தேவிப்ரியா ஈறைப் பார்த்துவிட்டு ஒரு சின்னக் குழாயை நீட்டினார். “ஐயா, ஈறு நல்லா வீங்கியிருக்கு. இந்த வீக்கத்தோட அடையாளம் எச்சில்லயே தெரியும். சர்க்கரையும் சேந்திருந்தா இன்னும் கூடுதலாத் தெரியுதான்னு ஆராய்ச்சி பண்றோம். அஞ்சு நிமிசம் பேசாமத் தலையக் குனிஞ்சு ஒக்காருங்க. ஊறுறது தானா இதுல வடியட்டும்.”

“அம்புட்டுத்தானா டாக்டரம்மா? போன வருசம் ஒரு மாடு…” என்று ஆரம்பித்துவிட்டார். மாடு வாடிவாசலைத் தாண்டி, ஆளைத் தாண்டி, கம்மாய்க்கரை வரைக்கும் ஓடியது. குழாயில் கொஞ்சம் நுரைதான் மிச்சம். இரண்டாவது குழாய்க்கும் அதே கதி.

செவந்தி குனிந்து அவர் காதில் சொன்னாள்: “இனி வாயத் தொறந்தீக, வெற்றிசெல்வன் வாத்தியாரு மைக்கப் புடிச்சிருவாரு.”

கப்சிப். தாலி கட்டிய நாளிலிருந்து அவள் கண்ட முதல் அமைதி அதுதான். குழாயும் நிறைந்தது.

எச்சிலை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டோம் என்று டாக்டர் ரத்தமும் எடுக்கச் சொன்னார். முடிவு வந்தது. எச்சிலில் வீக்கத்தின் அடையாளம் ஏகத்துக்குத் தெரிந்தது. ரத்தத்தில் சர்க்கரையும் எக்கச்சக்கம்.

“சர்க்கரை ஈறக் கெடுக்குது, ஈறுப் புண்ணு சர்க்கரைய ஏத்திவிடுது. ரெண்டும் கூட்டுக் களவாணிங்க ஐயா.”

“பல்லப் புடுங்கணுங்களா?” அவ்வளவு பெரிய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“ஈறுக்கு அடியில சுத்தம் பண்ணுவோம். மாத்திரைய விடாமச் சாப்பிடுங்க, கலர விட்டுருங்க. பல்லு நிக்க வாய்ப்பிருக்கு.”

ஈறைச் சுத்தம் செய்துகொண்டு, மாத்திரையும் பிரஷ்ஷுமாக இருந்ததில் மாசி வந்தது. மறுபடி எச்சில் கொடுக்கப் போனபோது யாரும் மிரட்டாமலே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். வீக்கம் நன்றாகத் தணிந்திருந்தது. பல்லும் பிடித்து நின்றது.

ஜல்லிக்கட்டன்று முதல் மாட்டுக்காரர் கலர் அனுப்பினார். வெற்றிசெல்வன் வாத்தியார் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சோலையப்பன் பாட்டிலை உயரத் தூக்கிக் காட்டிவிட்டு மைக்கில் சொன்னார்: “அன்பா வர்ற கலரெல்லாம் மாடு புடிக்கிற தம்பிகளுக்கு. எனக்குத் தண்ணி போதும், கோவிச்சுக்காதீக.” ஒருத்தர் முகமும் சுண்டவில்லை.

வழக்கம்போல் இன்னார் சார்பாக சைக்கிள், இன்னார் சார்பாக வேட்டி என்று பரிசுகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர், கூட்டத்தில் டாக்டரைப் பார்த்ததும் நிமிர்ந்தார். “அடுத்து வர்ற காளையப் புடிக்கிறவருக்கு, டாக்டரம்மா தயவுல என்கூடவே தங்கிட்ட என் ரெண்டு கீழ்ப்பல்லு சார்பா, ஒரு சில்வர் அண்டா.”

சொல்லில் துளிகூடக் காற்றடிக்கவில்லை. கூட்டமே சிரித்தது. காலையிலிருந்து வீட்டில் அண்டாவைக் காணோமென்று தேடிய செவந்தி, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.