தொண்ணூறு நிமிடத்தோடு நின்ற டேப்

ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கால்பந்துக் கோப்பை ஒருவருக்கு எவ்வளவு முக்கியமாக இருக்க முடியும்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

பத்து பெரண்டாம் என்ற எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் என் கணவருக்கு அன்று இரவு ஷிப்ட். பள்ளி நாளிலிருந்து அவர் நேசிக்கும் கிளப் இறுதியாட்டத்தில் ஆடியது.

"மறக்காம டேப் பண்ணி வை லா."

"இது பெரிய கப் இல்லையேங்க?"

"பெரிய கப்புக்கு எங்க ஆளுங்க எங்க போறது? எங்களுக்குக் கிடைக்கிறது இதான்."

விடியுமுன் எழுந்து, டிவியில் வந்த ஆட்டத்தை வீடியோ டேப்பில் பதிவு செய்தேன். தொண்ணூறு நிமிடத்தில் ஆட்டம் சமம். இன்னும் அரை மணி நேரம் ஆடுவார்கள் என்று வர்ணனையாளர் சொன்னார். சின்னக் கப்புதானே என்று நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

யாரும் முடிவைச் சொல்லிவிடக் கூடாதென்று, காலையில் அவர் காப்பிக்கடைக்கும் போகாமல் நேராக வந்து டேப்பைப் போட்டார். நான் அடுப்படியில் நின்று நிமிடங்களை எண்ணினேன். தொண்ணூறு நிமிடம் சமமாக முடிந்ததும் அவர் எழுந்து நின்றார். திரை வெறும் புள்ளிகளானது.

"என்னாச்சு?"

"பாப்பா அழுதுச்சுங்க."

உடனே குழந்தையைத் தூக்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே? அப்ப சரி. கப்பு கிடக்கட்டும்."

பாப்பா அன்று அழவே இல்லை. இதை நான் அவரிடம் இப்போது சொல்வதா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.